மூன்று ஓலைக்குள் ஒரு கண்டிஷனர்

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் சபையாரைப் பார்த்துக் கேட்பார். எனக்கு முதல் ஓலை வாசித்த அன்று உள்ளே யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆட்சேபனை வந்தது. என்மேல் இல்லை, என் முடிமேல்.

சொன்னவர் மாப்பிள்ளையின் அக்கா. நல்ல மனுஷி. எனக்குச் சேலை எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவர். என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல கல்யாண முக்காட்டு நெட்டு எப்படிம்மா நிக்கும்? கிரவுன் வச்சா தூக்கி வீசிரும் போலயே. காளவாசல்ல எனக்குத் தெரிஞ்ச பார்லர் இருக்கு. மூணாவது ஓலை முடிஞ்ச மறுநாளே கூட்டிட்டுப் போறேன், ஸ்மூத்தனிங் பண்ணிருவோம். அப்படியே பட்டு மாதிரி விழும்" என்றார்.

என் முடி சுருட்டை. சும்மா அலை அலையான சுருட்டை இல்லை, வைத்த இடத்தில் நிற்காத அடங்காப்பிடாரி. பள்ளியில் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பஞ்சுமிட்டாய் என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினால்தான் மனுஷர் முன்னால் போக முடியும். ஆனால் அது எனக்குப் பிடித்த முடி. கண்ணாடியில் அதைப் பார்க்காமல் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு பீடத்தின் முன்னால் போய் நிற்பதை நினைத்தாலே கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது.

"மதினி, மூணாவது ஓலைக்குள்ள இத அடக்கிக் காட்டுறேன். முடியலைன்னா நானே வந்து உங்க பார்லர்ல உக்காருறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சுருட்டையா, நேர்முடியா என்று மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். "எனக்கு ரெண்டுமே ஓகேதான்" என்றார். இந்த ஆண்பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று.

நான் மிஷன் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஒரு கண்டிஷனர் பாட்டிலிடம் தோற்பதா என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு. துணைக்கு எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். என் உயிர்த்தோழி. பழைய ஊருக்குள் அவள் குடும்பத்துக்கு வளையல் கடை இருப்பதால் கடைக்காரர்கள் வாயை அடைக்கத் தெரிந்தவள். "என் முடிய என் வீட்டுக்காரரும் கண்ணாடியும்தான் பாக்குது, அதுக்கே நான் அம்புட்டு பாடுபடுறேன். உன்னைய ஊரே பாக்கப் போகுது, வா" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

காளவாசலில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். அலமாரி நிறைய கண்டிஷனர் பாட்டில்கள், எல்லாவற்றிலும் தண்ணீர் மாதிரி முடி வழியும் பெண்கள். நாங்கள் இருவரும் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி, போன் கேமராவில் எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தோம். கடைக்காரர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், விஷயமெல்லாம் முன்பக்கத்துலதான் போட்டிருக்கு. பின்னாடி ஒண்ணுமில்ல" என்றார்.

"அண்ணே, நாங்க பரீட்சைப் பேப்பரையே ரெண்டு பக்கமும் பாக்குற ஆளுக" என்றாள் தோழி.

பின்பக்கம்தான் கச்சேரியே. எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். எல்லாவற்றிலும் முதலில் தண்ணீர். ஒரு பாட்டிலின் முன்பக்கம் முழுக்கச் செம்பருத்திப் பூ. பின்னால் தேடினால், வாசனைப்பொருளுக்கும் பின்னால், கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரியில் வரும் சுற்றமும் நட்பும் போல ஓரமாக நின்றது அந்தச் செம்பருத்தி. நாங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

தண்ணீருக்கு அடுத்து அநேகமாக செட்டைல் ஆல்கஹால். அது மெழுகு மாதிரி, முடியை மெத்தென்று ஆக்கும். அப்புறம் பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு. வாசித்து முடித்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தாலும் அதுதான் முக்கியமான ஆள். ஷாம்பு போட்டு அலசிய முடி எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும், இதுவோ நேர் மின்னூட்டம் உள்ளது. அதனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் முடியைப் பிடித்துக்கொள்ளும். டைமெத்திகோன் என்பது சிலிகோன், மேலே வழவழப்பாகப் படிந்து பளபளப்பைத் தரும். கெரட்டின், கோதுமைப் புரதம் எல்லாம் தேய்ந்த இடத்தில் ஒட்டுப்போடும், அளவு மிஞ்சினால் முடியை விறைக்க வைத்துவிடும். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலிகோன் ஒன்று, புரதம் ஒன்று, இரண்டும் இல்லாமல் கிளிசரின் போட்டது ஒன்று என்று எடுத்துக்கொண்டோம்.

விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குள் பையோடு நுழைந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலைத் தூரமாகப் பிடித்து வாசித்தாள்.

"ஏன்டி, ஆல்கஹால்னு போட்டிருக்கு. நம்ம குடும்பத்துல ஒருத்தரும் தொட்டதில்ல. நீ தலையில ஊத்தப் போறியா?"

இது வேறு ஆல்கஹால், குடித்தால் மெழுகுவத்தியைத் தின்றது போல இருக்கும் என்று விளக்கினேன். "எதுக்கும் ஆயர்கிட்ட சொல்லாத" என்றாள்.

இரண்டாவது ஓலைக்கு முந்தைய சனிக்கிழமை சிலிகோன் பாட்டில். பெரிய பல் சீப்பால் நுனிவரை இழுத்து, ஊறவைத்து, அலசினேன். குளியலறையில் கைக்கு என் முடி பாம்புக்குட்டி போல வழுக்கியது. எனக்கு ஒரே குஷி. வெளியே வந்தேன், அம்மா வழக்கம்போல முக்காலியில் உட்காரவைத்துத் துவட்டிவிட்டாள், சாம்பிராணி போட்டாள். காய்ந்ததும் பழையபடி பரட்டை. மறுநாள் கோயிலில் இரண்டாவது ஓலை வாசிக்கும்போது என் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னக் குழந்தை என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பஞ்சு பொம்மை" என்றது. மதினி பார்லர்காரியின் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பிவைத்தார்.

வாரநடுவில் ஒரு விடுமுறை வந்தது. அன்றைக்குப் புரதப் பாட்டில். அதே கதை. போதாக்குறைக்குத் தேங்காய் நார் மாதிரி மொடமொடவென்று நின்றது. அன்று சாயங்காலம் நான் அழுதேன். முடிக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. "தோத்தா தோத்துட்டுப் போற. நான் சனிக்கிழமை வாரேன், கடைசிப் பாட்டிலையும் பாத்துருவோம்" என்று தோழி போனில் சொன்னாள்.

சனிக்கிழமை அவள் ஒரு டப்பா தம்ரோட் இனிப்போடு வந்து கூடத்தில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் கிளிசரின் பாட்டிலைப் போட்டு அலசிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். தோழி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அல்லாஹ்! என்னடி இது, இம்புட்டு அழகா இருக்கு? ஒவ்வொண்ணும் ஸ்பிரிங் கணக்கா தொங்குது!"

நான் கண்ணாடியைப் பார்க்கத் திரும்புவதற்குள் அம்மா என்னை முக்காலியில் அமுக்கிவிட்டாள். டர்க்கி டவலைப் போட்டு உச்சந்தலையைப் பரபரவென்று தேய்த்தாள். பிறகு முடியை முன்னால் கவிழ்த்துப் போட்டு, டவலை முறுக்கி, சடார் சடார் என்று அடிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் தலை துவட்டுவது என்றால் அதுதான். ஒரு சொட்டு ஈரம் தங்கினால் சளி பிடித்துவிடும் என்பது அம்மாவின் விசுவாசப் பிரமாணம்.

"அம்மா! நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று தோழி ஓடிவந்து டவலைப் பிடித்துக்கொண்டாள். அடி வாங்கிய பாதி பரட்டையாக எழும்பி நின்றது. அடி வாங்காத பாதி சுருள் சுருளாக அப்படியே இருந்தது. தோழி என் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். நடு உச்சியில் கோடு போட்டது போல இரண்டு தலைகள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சோதனையில் ஒன்றை மாற்றும்போது மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். பாட்டில் பாட்டிலாக மாற்றினேன், மாறாமல் இருந்தது அம்மாவின் டவல்! நனைந்த முடி உப்பிப்போய், மேல்தோல் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சொரசொரப்பான துணியால் தேய்த்து அடித்தால் எந்தக் குளோரைடு வந்து என்ன செய்யும்?

ஆனால் அம்மா சிரிக்கவில்லை. டவலை மடித்தாள்.

"பொறந்ததுலேர்ந்து நான்தான் துவட்டுறேன். இன்னும் ரெண்டு சனிக்கிழமைதான். அதுக்குள்ள என் கை ஆகாமப் போச்சாக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அம்மா அழுது நான் பார்த்ததில்லை. சேலை, சாப்பாடு, மண்டபம் என்று அலைந்துகொண்டே இருந்தாள். சனிக்கிழமைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் எழுந்துபோய் அப்பாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்றை எடுத்துவந்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனது. அதை அம்மா கையில் கொடுத்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

"தேய்க்க வேணாம்மா. கொத்துக் கொத்தாப் பிடிச்சு, பூப்போல அமுக்கு. நீதான் பண்ணணும்."

அம்மா முதலில் பயந்து பயந்து அமுக்கினாள். டவல் அடி சட்டென்று முடிந்துவிடும், இது வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவள் விரல்கள் என் தலையில் இருந்தன. பரட்டைப் பாதியைத் திரும்ப நனைத்து அதையும் சரிசெய்தாள். தோழி தம்ரோட்டை இரண்டு பேர் வாயிலும் மாற்றி மாற்றி ஊட்டினாள். இதற்கு முன் எந்தச் சனிக்கிழமையும் நான் இத்தனை சந்தோஷமாக அந்த முக்காலியில் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் மூன்றாவது ஓலைக்குச் சடை பின்னாமல் போனேன். வெளியே வந்ததும் மதினி என் தலையைச் சுற்றி வந்தார். ஒரு சுருளை இழுத்து விட்டார், அது துள்ளித் திரும்ப மேலே போனது. இன்னொரு முறை இழுத்து விட்டார்.

"நெட்டு நிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த பாட்டில் பேரு என்னம்மா?" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை அம்மா எனக்குத் துவட்டி முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தலையில் தண்ணீர் சொட்டியது, கையில் பாதி காலியான என் கிளிசரின் பாட்டில். நான் எழுந்த முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். வேட்டியை என்னிடம் நீட்டி, "எனக்கும் அப்படியே பண்ணி விடு" என்றாள்.

எண்ணெய்க் கொண்டையாகவே நான் பார்த்திருந்த அம்மாவின் முடியைக் கொத்துக் கொத்தாக அமுக்கினேன். நரை கலந்த சுருள்கள் ஒவ்வொன்றாக எழும்பின. அசல் என் சுருள்கள். அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே. கல்யாணத்தன்று அவள் கொண்டை போடவில்லை.