குழியின் காதணி விழா

காலை ஆறரை மணிக்குள் மூன்று போன் வந்தால் அன்றைய கேலி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது போன் அநேகமாக சரோஜாவுடையது. நாமக்கல்லில் ஒரு நாளிதழில் தினமும் சிறிய கட்டத்துக்குள் கேலி எழுதுவது என் பிழைப்பு. எழுதுவது சுலபம். அது யாரிடம் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. விளையாட்டாக ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரோஜா எருமப்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இட்லிக் கடை வைத்திருப்பவர். ஊர் நுழைவில் ரோடு உடைந்து பெரிய குழியானதும் டவுன் பஸ் உள்ளே வருவதை நிறுத்திவிட்டது. அவர் மகள் பொன்னி கல்லூரியில் படிக்கிறாள். முதல் போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: "காட்டு வழியில புள்ள தனியா நடக்கறது ஆகாதுன்னு அவிங்கப்பா ஒத்தக்கால்ல நிக்கறாருங்க. ஆடிக்குள்ள பஸ் வல்லீன்னா படிப்பு அவ்வளவுதானுங்க. நீங்க என்னமோ எழுதுவீங்களாமா, எழுதுங்க சார்."

பெரிதாக்கினேன்

இருப்பதை ஊதிப் பெரிதாக்குவது கேலியின் முதல் பாடம். கோடை மழையில் குழி நிரம்பியிருந்தது. 'இனி ஜேடர்பாளையம் வரை போக வேண்டாம், இங்கேயே படகுச் சவாரி. பெரியவர்களுக்குத் துடுப்பு இலவசம்' என்று எழுதினேன். ஊதுவதென்றால் நம்ப முடியாத அளவுக்கு ஊத வேண்டும். நம் பக்கத்தில் எதைத்தான் நம்ப முடியாது?

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் தயிர்சாதத் தூக்குடன் வந்து இறங்கிவிட்டது. சரோஜாதான் குழியைக் காட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டாராம்: "தண்ணி சரீங்க, படகு எத்தன மணிக்குங்க வரும்?"

புகழ்ந்தேன்

சரி, குத்தலைப் பாராட்டுக்குள் ஒளித்து வைப்போம் என்று முடிவு செய்தேன். 'மழைநீரை ரோட்டிலேயே சேமிக்கும் தொலைநோக்காளர்' என்று ஊராட்சித் தலைவரைப் புகழ்ந்தேன். இந்த முறை பலிக்க, புகழப்படுகிறவருக்குத் தன்மேல் லேசான சந்தேகமாவது இருக்க வேண்டும். தலைவருக்கு அது இல்லை. கட்டத்தை வெட்டி, பெரிதாக்கி, கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டிவிட்டார். நன்றி சொல்ல எனக்குப் போனும் செய்தார்.

மறுநாள் மூன்றாவது போன் வந்தது. "ஏனுங் சார், நீங்க எங்க பக்கமுங்களா, அவரு பக்கமுங்களா?"

வேஷம் கட்டினேன்

ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வடிவத்தை இரவல் வாங்கி, உள்ளே வேறு சரக்கை வைப்பது இன்னொரு முறை. குழிக்குக் காதணி விழா அழைப்பிதழ் எழுதினேன். 'எங்கள் இல்லச் செல்வம், செல்வி குழிக்கு ஓராண்டு நிறைவதை முன்னிட்டு, சுற்றமும் நட்பும் சூழ...' என்று போனது அது. எங்கள் நாளிதழ் போகும் இரண்டு மாவட்டமும் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் தலைவரும் சிரித்தார் என்று தெரிந்தது. யார்மேல் விழ வேண்டும் என்று எழுதாத கேலி, சம்பந்தப்பட்டவருக்கும் பொழுதுபோக்குதான். அவர் சொன்னது: "பிரமாதமுங்க, வருசா வருசம் இந்த மாதிரி ஒண்ணு போடுங்க!"

அவர்கள் சேர்த்தது

முட்டை வண்டி ஓட்டும் இளைஞர்களும் சரோஜாவும் சேர்ந்து அந்த அழைப்பிதழைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்துக் குழியோரம் கட்டினார்கள். என் எழுத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'தாய்மாமன் மடியில் அமர்த்தி.' பக்கத்தில் கும்பிட்டபடி சிரிக்கும் தலைவர் படம், அவருடைய பிறந்தநாள் பேனரிலிருந்தே எடுத்தது.

காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவராவிட்டால் இந்தப் பக்கத்தில் அவர் வெளியே தலைகாட்ட முடியாது. அதன்பின் தலைவர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "குழிக்குட்டி சௌக்கியமா? சீர்த்தட்டு எப்பங்க?" என்று சொந்தக்காரர்களே கேட்க ஆரம்பித்தார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எனக்குப் போன் செய்து புலம்பினார்: "அதுல என்ற மூஞ்சியல்லங்க இருக்குது. கிழிச்சா அபசகுனம், உட்டா ஊரே மச்சான்னு கூப்புடுது!"

அதற்கடுத்த வாரம்

ஜல்லியும் தாரும் ரோடு ரோலரும் வந்தன. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். தலைவர் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். பேனரைப் பார்க்காமல் நிற்க ஒரு இடம் தேடி இரண்டு முறை மாறி நின்றார். சரோஜா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "கண்ணு பொன்னி, மாமன் சீரோட வந்துருக்கறாரு, வந்து வாங்கன்னு சொல்லு!"

கேலியின் உத்திகள் எல்லாம் தெரியும் என்று இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன், யாருக்கு உறைக்கும் என்ற ஒன்றை மட்டும் படிக்கிறவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனி மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை டவுன் பஸ் ஊருக்குள் வந்தது; பொன்னி அதில் ஏறிக் கல்லூரிக்குப் போனாள்.