ஆயுளுக்கும் இலவசம்

பொலிஸ் நிலையத்து மேசையில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் அத்தானின் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். விழுந்தவை எல்லாம் சிம் கார்ட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு கடதாசித் துண்டில் மடித்து, மேலே ஆளின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என் அக்காவை நிமிர்ந்து பார்த்து, "மே ஒக்கோம காகேத?" என்று கேட்டார். இதெல்லாம் யாருடையது என்று கேட்கிறார். அக்காவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அந்த மேசையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது. பொலிஸ்காரர் மேல் கோபமில்லை என்றால் பொய் சொன்னதாகும். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அந்தப் போன் கொம்பனி மேல்தான். யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் பை நிறையச் சிம் கார்ட்டோடு பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போனார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். கொட்டாஞ்சேனையில், அந்தோனியார் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோக்கொப்பி எடுக்கும் மெஷின் ஒன்று, கண்ணாடி அடைத்த இரண்டு பெட்டிகள், பெட்டிக்குள் ஒவ்வொரு தொலைபேசி. வீட்டில் போன் இல்லாத சனம் அங்கே வந்துதான் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் வெளிநாட்டுக்கும் கதைத்தது. பெட்டிக்குள் ஆள் அழுதால் அத்தான் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று. கதைத்து முடித்து வருகிறவரிடம் காசு கேட்க அவருக்குக் கூச்சம். மீற்றரைக் கையால் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அந்த நாளில் செல்போன் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. நாங்கள் ஒருவருக்கு அழைப்பு எடுத்தாலும் காசு, எங்களுக்கு ஒருவர் எடுத்தாலும் காசு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற மனிதனுக்கு வீட்டிலிருந்து மனைவி எடுத்தால் அவன் சந்தோஷப்படுவானா, காசு போகிறதே என்று பயப்படுவானா? வெள்ளவத்தையில் வெளிநாட்டுக் காசில் வாடகை கட்டுகிறவர்கள் விலை கேட்காமல் போன் வைத்திருந்தார்கள். எங்கள் குறுகிய ஒழுங்கையில் தப்பித்தவறி ஒருவரிடம் போன் இருந்தாலும், அடித்தால் எடுக்காமல் வெட்டிவிடுவதுதான் மறுமொழி.

அப்போதுதான் புதிதாக ஒரு கொம்பனி வந்தது. மற்றவர்களைவிடக் குறைந்த விலை. வருகிற அழைப்புக்கு ஆயுளுக்கும் காசில்லை. கொம்பனி ஆள் ஒருவர் வந்து விளம்பரக் கடதாசிகளையும் கார்ட்டுகளையும் அத்தானின் கடையில் வைத்துவிட்டுப் போனார். அத்தான் அந்தக் கடதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்ததை நான் பார்த்தேன்.

அக்காதான் முதலில் கேட்டார். "எல்லாற்ற கையிலையும் போன் இருந்தா எங்கட பெட்டிக்குள்ள ஆர் வந்து கதைக்கப்போறது? உங்கட வயித்திலை நீங்களே அடிக்கப்போறியளோ?"

"வராட்டிப் போகட்டும் விடு," என்றார் அத்தான். "அழுதுகொண்டு வாற சனத்திட்ட மீற்றரைக் காட்டிக் காட்டி எனக்குக் களைச்சுப் போச்சு."

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது அவர் கோயில் மதிலோரம் நின்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். வியாபாரிபோல் கூவவில்லை. ஆளாளாகக் கூப்பிட்டு, அடையாள அட்டையைத் தன் மெஷினில் காசு வாங்காமல் கொப்பி எடுத்து, படிவத்தைத் தானே நிரப்பினார். துறைமுக ஆட்கள், வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள், மீன் விற்கிற அம்மா, நான், என் கணவர், எல்லோரும் எடுத்தோம். கொம்பனியை நம்பி எடுக்கவில்லை. கொம்பனியின் முகத்தை நாங்கள் கண்டதேயில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்து எடுத்தோம்.

அதில் பயன் இருக்கவில்லை என்று சொன்னால் ஆண்டவருக்கு அடுக்காது. எங்கேயாவது குண்டு வெடித்தது என்று ரேடியோ சொல்ல முன்னரே ஒழுங்கை முழுக்கப் போன்கள் அடிக்கும். "எங்க நிக்கிறியள்?" இந்த ஒரு கேள்விதான். மறுபக்கத்தில் குரல் கேட்டால் போதும், நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து செபமாலையைக் கையில் எடுப்பேன். ஆமியின் சுற்றிவளைப்பு என்றால், அகப்பட்டவன் இரண்டு சொல் சொல்லிவிட்டு வைப்பான். வீட்டார் எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்றாவது தெரியும். ஏழைக்கு மலிவான போன் என்பது அந்த நாளில் இதுதான். ஆடம்பரம் என்று சொன்ன ஆட்களும் உண்டு. அவர்களுக்கு அப்படி ஒரு நாள் வந்திருக்காது.

பிறகு பெரிய கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் விலையைக் குறைத்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே மாறினார்கள். அத்தான் அதைப் பிழை சொல்லவில்லை. எங்கள் கொம்பனி விலையைக் கூட்டவும் பயந்தது, செலவு செய்யவும் விரும்பவில்லை. வீட்டுக்குள் சிக்னல் நின்றது. ஒழுங்கை முகப்புக்குப் போய்க் கையை உயர்த்தி நிற்க வேண்டியிருந்தது. "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிடும். அதையும் பொறுத்தோம். மலிவு என்றால் கொஞ்சம் சிரமம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? மலிவானதிலேயே வாழ்கிறவர்கள் நாங்கள்.

ஒரு நாள் எல்லாருடைய போனுக்கும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் அத்தானிடம் கொண்டு வந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து வருகிற அழைப்புக்கும் காசு. அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. வந்த ஒவ்வொருவருக்கும் அத்தான் அதை வாசித்துச் சொன்னார். அந்த வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடை வாசலில் நின்று பெரிய சத்தமாகக் கேட்டார். "ஆயுள் ஆயுள்னு சொன்னீங்க தானே தம்பி, யாருட ஆயுள்? எனக்கு இன்னும் உசிரு போகல்ல, நல்லாப் பாருங்க!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

கொம்பனியின் இலக்கத்துக்கு எடுத்தார். பாட்டுப் போட்டார்கள். பிறகு அங்கே வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை லைனில் வந்து, கடதாசியின் பின்பக்கத்தில் நிபந்தனை போட்டிருக்கிறது என்று சொன்னது. பின்பக்கத்து எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அன்றிரவு சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "எல்லாரும் கார்ட்டைத் திருப்பிக் குடுக்க வேணும். கார்ட்டிலை கிடக்கிற மிச்சக் காசைத் தா எண்டு கேக்க வேணும். தனித்தனியா எறிஞ்சா அவனுக்குத் தெரியவும் மாட்டாது. மொத்தமாக் கொண்டுபோய் மேசையிலை வைச்சாத்தான் உறைக்கும்."

கூட்டமாகப் போகச் சனம் பயந்தது. காலி வீதி என்ற அந்தப் பெரிய சாலையில் தமிழர் கூட்டமாக ஒரு கொம்பனியின் கந்தோர் வாசலில் நின்றால் அது போன் விஷயம் என்று யார் நம்புவார்கள்? "அப்ப நான் தனியக் கொண்டு போறன்" என்றார்.

அக்கா கையைப் பிடித்தார். "விசரே உங்களுக்கு? செக்பொயின்ரிலை பையைத் திறந்தா என்ன சொல்லுவியள்?"

"உள்ளதைச் சொல்லுவன். கோயில் வாசல்லை நிண்டு சனத்துக்கு வாக்குக் குடுத்தது நான். கொம்பனிக்காரன் அங்கை நிண்டவனே?"

பம்பலப்பிட்டியில் இருந்த கந்தோருக்கு அவர் போய்ச் சேரவில்லை. கொள்ளுப்பிட்டிக்கு முன்பே பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்கள் ஏறிப் போனார்கள். அத்தான் ஏறவில்லை. கடைத் தொலைபேசிக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது அக்காவோடு நானும் ஓடினேன்.

அந்த அதிகாரி கத்தவில்லை. இது உங்கள் ஆட்களின் கார்ட்டுகள் என்றால் அந்த ஆட்கள் அடையாள அட்டையோடு வந்து சொல்லட்டும், அல்லது கொம்பனி சொல்லட்டும், விடுகிறேன் என்றார். இல்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார். மேலிடம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. போய்த் திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தன.

நேரே கொம்பனிக்குப் போனோம். குளிரூட்டிய அறை, சுவரில் சிரிக்கிற குடும்பப் படம். எங்களுடைய அடையாள அட்டைக் கொப்பிகள் எல்லாம் அவர்களிடம்தான் இருந்தன. ஒரு தொலைபேசி அழைப்பு, இவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள் என்று ஒரு வசனம், அவ்வளவுதான் அக்கா கேட்டார். மேசையில் இருந்த பெண்பிள்ளை கணினியைப் பார்த்தபடியே, எழுத்தில் கேட்க வேண்டும், நாளெடுக்கும், அவசரமென்றால் ஹொட்லைனுக்கு எடுங்கள் என்றது.

அக்காவுக்கு அப்போதுதான் குரல் திரும்பி வந்தது. "மிஸ், எங்கட போனுக்குள்ள இருந்தது உங்கட கார்ட். அந்தக் கார்ட் இப்ப பொலிஸிலை. நான் எதாலை உங்களுக்கு எடுக்கிறது?" சிங்களத்தில் கேட்டார், அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. பிள்ளை அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டது.

அத்தானை நம்பி வாங்கியபோது நாங்கள் வாடிக்கையாளர்கள். அத்தான் உள்ளே இருந்தபோது நாங்கள் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. இதைவிட ஒரு மனிதனைக் கேவலப்படுத்த முடியுமா?

அன்று பின்னேரம் வீடு வீடாகப் போனோம். கதவைப் பாதி திறந்து, "கார்ட் துலைஞ்சு போச்சு எண்டு சொல்லிவிடுங்கோ" என்றவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயதுவந்த பொடியன்களை வீட்டில் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போய்ப் பெயர் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? அக்கா ஒவ்வொரு கதவிலும் கும்பிட்டார். நான் மனதுக்குள் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

மீன்காரம்மா வீட்டில் நாங்கள் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். "அந்த மனுசன ஏசுறதுக்கு எனக்கு உரிம இருக்கு. அவனுகளுக்கு இல்ல. நடங்க."

மறுநாள் காலை வரிசையில் முதல் ஆள் அவர்தான். அதிகாரி ஒரு கடதாசித் துண்டைக் காட்டியதும், "மகே!" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னார். என்னுடையது. அவரைப் பார்த்து அடுத்தவர் வந்தார். அவருக்குப் பின்னால் துறைமுகத்து ஆட்கள், வேலைக்குப் போகாமல் நின்றவர்கள். முந்தின நாள் கதவைச் சாத்தியவர்களிலும் சிலர் வந்தார்கள். பெயர், அடையாள அட்டை, மகே. பெயர், அடையாள அட்டை, மகே. கொம்பனியிலிருந்து ஒரு ஈக்குஞ்சும் வரவில்லை. மாலையாகும்போது அத்தானை வெளியே விட்டார்கள். கார்ட்டுகளையும் அதே பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவருடைய கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதைப் பற்றி அவர் என்றைக்கும் கதைக்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அத்தான் அந்தப் பையைத் திரும்பவும் எடுத்தார். அக்கா அழத் தொடங்கமுன் மீன்காரம்மா வாசலில் வந்து நின்றார், பின்னால் வேறு ஆட்களும். "பொலிஸிலயே பேர் எழுதியாச்சு. இனி யாருக்குப் பயப்படுறது? வாங்க தம்பி."

கந்தோரில் அத்தான் கார்ட்டுகளை மேசையில் அடுக்கி வைத்து மிச்சக் காசைக் கேட்டார். வெளியே வந்த மனேஜர், மிச்சத்தைக் காசாகத் தர முடியாது, கார்ட் வேண்டாமென்றால் குப்பையில் போடுங்கள் என்றார். அத்தான் சத்தம் போடவில்லை. "அப்ப கத்தரிக்கோல் ஒண்டு தாங்கோ" என்றார். முழுசாக விட்டுப்போன கார்ட் வேறு கைக்குப் போனால் பொலிஸ் தேடி வருவது எங்கள் வீட்டுக்கு. அது அந்த மனேஜருக்கு விளங்கவில்லை, எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அத்தான் பெயரைக் கூப்பிட்டார். ஆள் "ஓம்" என்று முன்னே வந்தது. அவரவர் கார்ட்டை அவரவர் கையால் வெட்டினார்கள். கோயில் பீடத்தில் சிறகோடு நிற்கிற சம்மனசுகள் மாதிரி அமைதியாக வரிசையில் நின்றோம். காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மீன்காரம்மா மட்டும் தன் இரண்டு துண்டையும் மனேஜரின் உள்ளங்கையில் வைத்து, "வச்சிருங்க, ஆயுளுக்கும்" என்றார்.

சில காலத்தில் அந்தக் கொம்பனியை இன்னொரு கொம்பனி வாங்கி, பெயரையும் நிறத்தையும் மாற்றியது. அத்தான் பிறகு போன் கார்ட் விற்கவில்லை. போட்டோக்கொப்பியோடு காலம் போனது. யுத்தம் முடிந்து சில வருடத்தில் அவரும் ஆண்டவரிடம் போனார். அடக்கத்துக்கு வந்த சனத்தில் அந்த வரிசையில் நின்றவர்களைத்தான் நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

குறைந்த விலைக் கொம்பனிகள் தாக்குப்பிடிக்குமா, கொடுக்கிற காசுக்குப் பெறுமதி உண்டா என்று பத்திரிகையில் படித்தவர்கள் எழுதுகிறார்கள். சிக்னல் கோபுரக் கணக்கும் முதலீட்டுக் கணக்கும் எனக்குத் தெரியாது. மலிவாகக் கொடுப்பது நல்ல காரியம். அது எங்களை வாழவைத்தது, பெரியவர்களையும் விலை இறக்க வைத்தது. ஆனால் மலிவாக வாங்குகிறவன் மலிவான ஆள் என்று நினைக்கத் தொடங்கிய நாளில் அந்தக் கொம்பனி தோற்றுவிட்டது. எங்கள் சில்லறையை எண்ணி வாங்கியவர்களுக்கு எங்கள் பெயரைச் சொல்ல ஒரு வசனம் கிடைக்கவில்லை.

போன மாதம் என் இளைய மகள் ஒரு புதுத் திட்டத்தைக் காட்டினாள். "அம்மா, இதுதான் இப்ப எல்லாத்திலையும் மலிவு. மாறுங்கோ."

"அவங்கட கந்தோர் எங்க இருக்கு?"

"கந்தோர் என்னத்துக்கம்மா? எல்லாம் போனுக்குள்ளயே செய்யலாம்."

"எனக்குக் கோபம் வந்தா எங்க போய் நிக்கிறது?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கோபத்துக்கும் ஒரு பட்டன் இருக்கம்மா, பாருங்கோ."

"அதை அமத்தினா ஆர் வருவினம்?"

மகள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"அதைப் பாத்துச் சொல்லு, நான் மாறுறன்" என்றேன்.

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.