தையல் கடையில் ஜப்பான் பாஷை

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு கார்த்திக் மூன்று நோட்டீஸோடு வந்து நின்றான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஜப்பான் பாஷை ஈவினிங் கிளாஸில் சேரணுமாம். ஒன்று ஆபீஸுக்குப் பக்கம். இன்னொன்றில் வாத்தியார் அசல் ஜப்பான்காரர். மூன்றாவதில் ஃபீஸ் குறைவு.

"எதுல சேரட்டும் சார்?"

'என்னிடம் ஏன்ப்பா கேட்கிறாய்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கிறதா? "நானும் ஜப்பான் கிளாஸ் போனவன்தான்... சங்கரன்கோவில்ல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். நீங்களும் சிரித்துவிட்டு வாருங்கள். நான் இருக்கிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அங்கே ஒரு பஞ்சு அரவை மில்லில் நான் குமாஸ்தா. சாயங்காலம் வேலை முடிந்தால் என்ன செய்வது? வாலிபர்களுக்கு இருந்தது இரண்டே வழி — டைப்ரைட்டிங், இல்லையென்றால் ஹிந்தி. டைப்ரைட்டிங்கில் ஒரு மெஷினுக்கு ஒன்பது பேர் அடித்துக்கொள்வார்கள். ஹிந்தியில் பரீட்சைக்கு மேல் பரீட்சை. இந்த லட்சணத்தில், தெற்கு ரத வீதித் தையல் கடையில் ஒரு அட்டை தொங்கியது: 'ஜப்பான் பாஷை கற்றுத் தரப்படும்.'

ஈவினிங் கிளாஸில் சேருகிறவன் வெளியே சொல்லுகிற காரணம் ஒன்று, உள்ளே இருக்கிற காரணம் வேறு. எங்கள் மில்லுக்கு ஜப்பானிலிருந்து மெஷின் வருகிறது, அதை மாட்டித் தர அந்த ஊர் இன்ஜினீயரும் வருகிறார் என்று பேச்சு. அவர் பேசுவதைத் தமிழில் சொல்லுகிற துபாஷியாக முதலாளி பக்கத்தில் நிற்கலாம் அல்லவா? இது வெளியே சொன்னது. உண்மைக் காரணம் — பரீட்சை கிடையாது. நான் படித்தது சரியா தப்பா என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் கிடையாது. இப்படி ஒரு படிப்பு யாருக்குக் கிடைக்கும்?

தையல்காரர் சண்முகம் அண்ணாச்சி மலாயாவிலிருந்து திரும்பியவர். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தான் அல்லவா, அப்போது பினாங்கில் அந்தப் பட்டாளத்துக்கு யூனிஃபார்ம் தைத்தவர். காதில் விழுந்ததுதான் அவர் கற்ற பாஷை. அதனால் எங்கள் பாடமே காலர், கை, பட்டன்தான். 'கத்திரி எங்கே?' 'நூல் எங்கே?' எங்கே என்பதற்கு 'தோக்கோ'. நானும் வத்தல் கமிஷன் கடை முத்தையாவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகச் சேர்ந்து கத்துவோம்.

"என்ன வே, டோக்கியோவுக்கு எப்பம் கப்பல்?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

என்ன சுகமான சாயங்காலங்கள்! பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், புதுத்துணி வாசனை, எதிர்க்கடைக் காபி... இன்றைக்கு நினைத்தாலும் மனசு அங்கே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது.

எங்களோடு படித்த மூன்றாவது ஆள் பேச்சியம்மாள். ஆமாம், பொம்பளைதான். முப்பத்தைந்து வயசிருக்கும். நெசவுக்காரர் வீடுகளில் பகலெல்லாம் ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு, நேரே வந்து கடை வாசலோரம் உட்காருவாள். ஊர் சும்மா இருக்குமா? ஆம்பிளைகளோடு இவளுக்கு என்ன படிப்பு என்று வாய்க்கு வந்ததைப் பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் நானே கேட்டேன். "அக்கா, ஒங்களுக்கு எதுக்கு ஜப்பான் பாஷை?"

"எங்க வீட்டு அவுகளை மலாயா எஸ்டேட்டுலருந்து ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போனான் தம்பி, சயாம்ல ரயில் ரோடு போடணும்னு. சண்டை முடிஞ்சு நான் மட்டும் கப்பலேறி வந்தேன். மேலநீலிதநல்லூர்ல எங்க கொழுந்தன், 'வருசம் பத்தாச்சு, காரியத்தைச் செஞ்சிருவோம், தாலியைக் கழத்து'ங்கான். சொல்லுததுக்கு அவன் யாரு? கூட்டிட்டுப் போனவன் சொல்லட்டும். ஒங்க மில்லுக்கு ஒருத்தன் வாரானாம்லா... அவன் பாஷையிலேயே அவங்கிட்ட கேக்கேன்."

துபாஷி ஆசையோடு உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் 'புருஷன்' என்கிற சொல்லை மட்டும் அண்ணாச்சி சொல்லித் தரவே இல்லை. அவள் கேட்கும்போதெல்லாம் "அது அடுத்த வாரம்" என்பார். அவருக்கே தெரியாது போல என்று நானும் முத்தையாவும் கண்ணடித்துக்கொள்வோம். தெரியாமலா? சயாமுக்குப் போன லாரிகளை அவர் கண்ணால் பார்த்தவர்; அதில் போனவர்களில் திரும்பியவர்கள் சொற்பம் என்பதும் தெரிந்தவர். அந்தக் கேள்வியை அவள் கேட்டுவிடுவாளோ, அதற்கு ஒரு பதில் வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார் மனுஷன். எங்களுக்குத்தான் புத்தி வேலை செய்யவில்லை.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் மெஷின் வந்தது. இன்ஜினீயரும் வந்தார். பார்த்தால் என்னைவிடச் சின்னப் பையன்! முதலாளி என்னை முன்னால் தள்ளி, "பேசும் வே!" என்றார். என்னத்தைப் பேச? மெஷினுக்குக் காலர் ஏது, கை ஏது? திருதிருவென்று முழித்தேன். "போம், அந்தத் தையல்காரரையாவது கூட்டிட்டு வாரும்" என்றார். அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். பின்னாலேயே பேச்சியம்மாளும் வந்துவிட்டாள்.

யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே அந்தப் பையன் முன்னால் போய் நின்றாள். தாலியைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

"எங்க வீட்டு அவுக... தோக்கோ?"

பாதி தமிழ், பாதி ஜப்பான். பையன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் மீதியைச் சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் தணிந்த குரலில் என்னமோ சொன்னான். அண்ணாச்சி அதைத் தமிழில் சொன்னார்.

"அவருக்குத் தெரியாதாம் தாயி. அப்ப அவரு சின்னப்பிள்ளை. அவரு அய்யாவும் பர்மாவுக்குச் சண்டைக்கு வந்தவரு திரும்பலையாம். என்ன ஆனாருன்னு ஒரு தாக்கலும் இல்லையாம். அவுக அம்மா இன்னைக்கும் அய்யாவுக்குன்னு ஒரு கிண்ணத்துல சோறு எடுத்து வைக்காகளாம்."

பேச்சியம்மாள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. தாலியை உள்ளே போட்டுக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"கேட்டியளா? ஜப்பான்காரியே காத்துக்கிட்டு இருக்கா. நான் காத்திருந்தா எவனுக்கு என்ன நோவுது?"

கொழுந்தனுக்கும் இதே பதில்தான் போயிருக்க வேண்டும். காரியம் என்ற பேச்சு அதன்பிறகு எழவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கிளாஸுக்கு வந்து அதே வாசலோரம் உட்கார்ந்தாள். எங்களுக்கு ஆச்சரியம். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாயிற்றே, இனி எதற்குப் படிப்பு?

"நான் கேட்டுட்டேன்... அந்தப் பிள்ளைல்லா கண்ணு கலங்கி நின்னான். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லத் தெரியல. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறானாம். அதுக்குள்ள அதை மட்டும் சொல்லிக் குடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"அது எனக்குத் தெரியாதே தாயி... அத்தனை வருசத்துல அந்தப் பட்டாளத்துல ஒருத்தனும் எங்ககிட்ட அதைச் சொன்னதில்லையே."