அசையாத சீட்டு

தி.நகரிலிருந்து அடையாறு போகும் பேருந்து. நான் மதுரைக்காரன். எழுதப் படிக்கத் தெரியாததால் பேருந்துப் பலகை புரியாமல், கூட்டம் ஏறியதில் நானும் ஏறி, கம்பியில் வௌவாலாகத் தொங்குகிறேன்.

சன்னலோரம் சிமெண்டு அப்பிய சட்டையோடு ஒரு பீகார் கொத்தனார் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் அவரை அதட்டுகிறார்.

"வடக்கன்லாம் நின்னுகினு வா. எயுந்திரு, இது எங்க ஊரு பஸ்ஸு."

"டிக்கெட் எடுத்தேன் அண்ணா. எழுந்திரிக்க மாட்டேன்."

நான் வீரமாகத் தொண்டையைக் கனைக்கிறேன். இருமல்தான் வருகிறது.

பக்கத்தில் நிற்கும் பூக்கார அக்கா தன் கூடையைக் கொத்தனார் மடியில் வைக்கிறார்.

"இத்த புடி நைனா."

நிற்பவர்கள் சுமையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது இந்த ஊர் வழக்கமாம். உடனே நாலா பக்கமிருந்தும் பள்ளிப் பை, காய்கறிப் பை, டிபன் கேரியர் என்று வந்து குவிகின்றன. கொத்தனாரின் கண் மட்டும் தெரிகிறது. அது சிரிக்கிறது.

"இப்போ எப்டி சார் எயுந்திருப்பாரு?" என்கிறார் அக்கா. பேருந்தே சிரிக்கிறது.

"அக்கா, நானும் வைக்கட்டுமா?"

"வையேன்யா, இதுக்கு இன்னா பர்மிசன்?"

என் பையில் இருப்பது அழுக்கு வேட்டிதான். ஆனாலும் அதைக் கொடி மாதிரி உச்சியில் வைக்கிறேன்.

அடையாறு வரை கொத்தனார் உட்கார்ந்தே வருகிறார். இஸ்திரிச் சட்டைதான் நின்றபடி, கசங்கிக்கொண்டே வருகிறது.