ஜும்ஆ நேரத்துக் கூட்டம்

எங்கள் கடலுக்குள் காற்றாலை வரப்போகிறதாம். மீனவர்களின் கருத்தைக் கேட்கக் கம்பெனி கூட்டம் வைத்தது. எப்போது? வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில்! எங்கள் ஊர் சாய்ந்தமருதில் அந்த நேரம் எந்த ஆம்பிளை பள்ளிவாசலுக்கு வெளியே இருப்பான்?

என் கணவருக்குக் கடலில் வலையை வளைத்துக் கரைக்கு இழுக்கும் கரைவலைத் தொழில். அவர் தொழப் போனதும் நான் மண்டபத்துக்குப் போனேன். கதிரைகள் எல்லாம் காலி. கம்பெனி அதிகாரி லெப்டொப்பை மூடிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் வரல்ல தங்கச்சி. அப்ப ஒருத்தருக்கும் எதிர்ப்பில்ல எண்டுதானே அர்த்தம்?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

“காத்தாடி வேணாம் எண்டு நாங்க சொல்லல்ல சேர். அது வந்தா நாங்க எங்க போய் வலை வளைக்கிற எண்டுதான் கேக்கிறம். ஆக்கள் தொழுதுட்டு வருவாங்க. அதுவரைக்கும் இருங்க.”

“வழிய விடுங்க!”

“விடமாட்டன்.”

தொழுகை முடிந்து, கரைவலைக்காரர் எல்லாரும் தொப்பியோடு வாசலில் வந்து நின்றபோது அதிகாரியின் முகத்தில் சிரிப்பில்லை.

கூட்டத்தில் கதைப்பது ஆண்களின் வேலை என்று அதுவரை இருந்தவள் நான். இப்போது அடுத்த கூட்டத்துக்கும் அறிவித்தல் வந்திருக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமை, அதே நேரம்.

இந்த முறை கதிரையை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன்.