லிஃப்ட் அக்காவின் பயேயா

"கரண்டியை வைங்க கீழே" என்று அவள் சத்தம் போடும்போது கணவர் பெரும்பாலும் கரண்டியைத் தொட்டிருக்கவே மாட்டார். தொடலாமா என்று யோசித்திருப்பார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அடுப்படி நிலவரம் இதுதான். அகலமான தட்டைச் சட்டியில் கோழித்துண்டு சிவந்து, வெங்காயமும் தக்காளியும் சுண்டி, அரிசி விழுந்து, கொதிக்கக் கொதிக்கக் கோழிச்சாறு ஊற்றியாகிவிட்டால், அப்புறம் பயேயா என்கிற அந்த ஸ்பெயின் நாட்டுச் சோற்றை யாரும் தொடக்கூடாது. மூடவும் கூடாது. "கிளறினா கஞ்சியாப் போயிடும். சும்மா நில்லுங்க, அது வேலையை அது பாத்துக்கும்."

தெருவில் அவளுக்கு லிஃப்ட் அக்கா என்று பேர். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். வாரம் முழுக்க எண்ணெய் வழியும் கம்பிவடங்களோடு மல்லுக்கட்டுவாள், பொத்தானை விடாமல் குத்துகிறவர்களைப் பிடித்து, "ஒரு தரம் அமுக்கினா அதுக்குக் காது கேக்காதா?" என்பாள். கோபம் எப்போதும் மூக்குநுனியில். கொட்டினால் தீர்ந்துவிடும். வெங்காயத்தைத் திட்டுவாள், தீப்பெட்டியைத் திட்டுவாள், அடுத்த நிமிடம் பாட்டு முணுமுணுப்பாள்.

சட்டியில் என்ன விழும் என்பது ஃபிரிட்ஜின் இஷ்டம். இறால் இருந்தால் இறால். இல்லாவிட்டால் பீன்ஸ், காலிஃப்ளவர், முந்தின நாள் மிஞ்சிய வறுத்த கோழி. ஒருமுறை வெறும் முட்டைக்கோசும் கொண்டைக்கடலையும். குங்குமப்பூவுக்கு வழியில்லாத நாளில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். ஞாயிறுதோறும் பயேயா என்கிற பழக்கம் வந்ததே அவள் தம்பியால்தான். வேலையில்லாமல் இரண்டு வருஷம் அவள் வீட்டு சோபாவில் கிடந்தவன் அவன். எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவான். இந்தச் சட்டியை மட்டும் வழித்துத் தின்றான். இப்போது சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான்.

அந்தக் கடையின் விளம்பர வீடியோவை, அவள் வேலைக்குப் போயிருந்த கட்டடத்துக் காவலாளிதான் காட்டினார். தம்பி வெள்ளைத் தொப்பியோடு சிரிக்கிறான். "சில வீடுகள்ல ஃபிரிட்ஜைக் காலி பண்ணிட்டு, அதுக்குப் பயேயான்னு பேர் வெச்சுடறாங்க. அந்தக் கொடுமையெல்லாம் நம்ம கடையில கிடையாது." உடனே ஒரு படம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. கைப்பிடி நசுங்கிய சட்டி. அதைப் பிடித்திருக்கும் கையின் நகக்கண்களில் கிரீஸ் கறுப்பு. போன மாதம் "வாசனை ஆளைத் தூக்குதுக்கா, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று அவன் எடுத்தது.

யார் கை என்று தெரியாமல் காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் லிஃப்ட் குழிக்குள் இறங்கினாள். அன்று யாரையும் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் நிஜமாகவே கரண்டியை எடுத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பயந்துபோய் அவரே கீழே வைத்துவிட்டார்.

தம்பி சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அது சும்மா வியாபாரத்துக்குக்கா. உன் பேரையா சொன்னேன்?"

"பேரைச் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். என் கையைக் காட்டியிருக்கேடா."

"எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன்."

"பாத்தவங்க கண்ணுலேர்ந்து எடுப்பியா?" குரல் உயரவே இல்லை. "அந்தக் கொடுமையைத்தான் ரெண்டு வருஷம் தின்னே. அப்ப தொண்டையில சிக்கலையே."

"சாப்பிடட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று கணவர் இழுத்தார்.

"சாப்பிடத்தான் போறான். பட்டினி போட்டா அனுப்பப்போறேன்?"

மூன்று தட்டிலும் பரிமாறினாள். தம்பி தட்டில் பெரிய தொடைத்துண்டாகப் பார்த்து வைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். உப்பு சரியாக இருக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, நன்றாக இருக்கிறது என்று அவனும் சொல்லவில்லை.

சோறு தீர்ந்ததும் சட்டியின் அடியில் பொன்னிறமாகக் காந்தல் தெரிந்தது. இதற்காகவே பயேயா சாப்பிடுகிறவர்கள் உண்டு. தம்பி அந்த ஜாதி. அவள் தட்டைக்கரண்டியால் சுரண்டி எடுக்க எடுக்க, அவன் தன் தட்டை மெல்ல முன்னால் நகர்த்தினான்.

பாதியைக் கணவர் தட்டில் போட்டாள். மீதிப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நறநறவென்று மென்றாள்.