அயர்லாந்து மாளிகை மணியும் எங்கள் வீட்டு மணியும்

என் பேத்தி தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போயிருக்கிறாள். அங்கே விக்ரோறியா மகாராணி காலத்து மாளிகை ஒன்றைத் திருத்தி, ஆட்களைத் தங்க விடுகிறார்களாம். சுற்றிவரப் புல்வெளியும் செம்மறி ஆடுகளும். வேலை கிடைத்த கையோடு பெற்றவர்களை அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்த பிள்ளை என் பேத்தி!

முழங்கால் நோவு, வரமாட்டேன் என்று நான்தான் சொன்னேன். இன்னொரு தரம் கேட்டிருந்தால் வெளிக்கிட்டிருப்பேன்.

இன்று வீடியோவில் மாளிகையைச் சுற்றிக் காட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கியது.

"அம்மம்மா, இதை இழுத்தா கீழ குசினியில மணி அடிக்கும். அந்தக் காலத்தில வேலைக்காரர் ஓடி வருவினமாம்."

"இப்ப ஆர் வாறது?"

"ஒருத்தரும் வரமாட்டினம். சும்மா ஷோவுக்கு."

இழுத்தாள். மணிச்சத்தம் எனக்கும் கேட்டது. "டின்னர் ரெடியாம், பாய் அம்மம்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு மணி அடித்தது. யாரோ வந்துவிட்டார்கள் என்று தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு, சீலையைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு பார்சல். கொண்டுவந்த பெடியன் தன் வான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்!"

தமிழ்ப் பிள்ளையோ தெரியாது. கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

நாங்கள் இருக்கிற வோபர்ன் பக்கம் வருகிறவர்கள் எங்கள் மணியையும் ஒருக்கால் அடியுங்கள். இந்த வீட்டில் மணி அடித்தால் ஆள் வரும். கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள். முழங்கால் நோவு என்று சொன்னது முழுப் பொய்யில்லை.